பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டவள்

இந்த ஊர்ச் சர்ச்சில் ஆளுக்கு ஒரு பெஞ்ச். சட்டம் ஒன்றும் கிடையாது, ஆனால் எல்லாரும் அப்படித்தான் உட்காருகிறார்கள். நானூறு பேர் கொள்ளும் கல் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் பதினாலு பேர், மழை என்றால் பதினொன்று. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே இரண்டு பெஞ்சாவது காலியாகக் கிடக்கும். வந்த புதிதில் இது தெரியாமல், நாலு பேர் பெஞ்சில் ஏழு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்த எங்கள் ஊர்ப் பழக்கத்தில், ஃப்ராவ் கெலர் என்ற வயதான அம்மாவின் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தேன். அவர் சிரித்தார். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, முதல் பாட்டு முடிவதற்குள் பெஞ்சின் மறுகோடிக்குப் போய்விட்டார். என் மேல் வெங்காய வாடை அடிக்கிறதோ என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மோந்து பார்த்தேன்.

ஜெர்மனியின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் மூன்று வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பசுவந்தனைக்குப் பக்கத்தில். வீட்டுக்காரரும் மகளும் கோவில்பட்டியில் இருக்கிறார்கள். அவர் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை, அவளுக்குப் பிளஸ் டூ. அவர்களுக்கு விசா வரும், வரும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இதெல்லாம் என்னைப் போல விமானம் ஏறின எல்லாருக்கும் உள்ள கதைதான், புதிதாக ஒன்றும் இல்லை. நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு விஷயத்தை. பதினொரு மாதம் நான் திருவிருந்து எடுக்கவில்லை. அப்பமும் திராட்சரசமும் வாங்க எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போவார்கள், நான் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் யாரோடாவது சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால் திருவிருந்துக்குப் போகக் கூடாது. எழுதி வைத்தது இல்லை, ஆனால் போனால் மனசு குத்தும். அதனால் சண்டைக்காரர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். எழுந்திருக்காத ஆளை ஊரே திரும்பிப் பார்க்கும். எங்கள் அப்பா அங்கே உபதேசியார். போதகரை நாங்கள் ஐயர் என்போம்; ஐயர் மாதம் ஒரு தடவைதான் வருவார், மற்ற ஞாயிறுகளில் அப்பாதான் ஆராதனை நடத்துவார். ஐயர் அப்பம் கொடுக்கும்போது அப்பாவின் கண் பின்வரிசையில் இருக்கும், எவன் உட்கார்ந்திருக்கிறான் என்று. ஆராதனை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போய்விடுவார். வீட்டில் ஆட்டுக்கறி ஆறிப் போகும், எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு தடவை பருத்திக்காட்டில் ஆடு மேய்ந்த தகராறில் இரண்டு பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா இரண்டு பேர் வீட்டுக்கும் மாறி மாறி ஒன்பது தடவை நடந்தார். ஒன்பதாவது தடவை அந்த இரண்டு பேரும் அவர் மேல் பரிதாபப்பட்டே ராசியாகிவிட்டார்கள். நாங்கள் கறி சாப்பிட்டபோது மணி நாலு.

என் சண்டை பேச்சியோடு. பேச்சியம்மாள் என்பது பாஸ்போர்ட்டில் உள்ள பெயர். விளாத்திகுளம் பக்கம் ஆடு வளர்க்கிற குடும்பம். நர்சிங் படிக்கும்போது விசுவாசத்துக்கு வந்து, ஜாய்ஸ் என்று ஞானஸ்நானம் எடுத்தவள். அந்தப் பெயரில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை, நானும்தான். என்னைவிட எட்டு வயது இளையவள். கோவில்பட்டியில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம், ஒரே வகுப்பில் ஜெர்மன் படித்தோம், ஒரே விமானத்தில் வந்தோம், இரண்டு அறையும் ஒரு அடுப்படியும் உள்ள ஒரே வீட்டில் இருந்தோம். முதல் பனிக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து ஆறு நாள் கிடந்தேன். டியூட்டி முடிந்து வந்து அவள்தான் கஞ்சி வைத்து, காலைத் தேய்த்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். இந்த ஊரில் தமிழில் என்னைக் கூப்பிடுகிற ஒரே குரல் அவளுடையது.

அவள் ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து அவள் அண்ணன் அவளோடு பேசவில்லை. வருடக்கணக்காக வீட்டு வாசலில் ஏற விடவில்லை. பிறகு அண்ணனுக்குக் குழந்தை பிறந்தது. குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த நாள் வைத்தபோது, அத்தை வராமல் எப்படி என்று அவளைக் கூப்பிட்டார்கள். அவள் லீவு போட்டுப் போனாள். போனவள் ஒரு படம் அனுப்பினாள்: சந்தனம் பூசின மொட்டைத் தலைக் குழந்தை அவள் மடியில், அவள் நெற்றியில் திருநீறு. அவள் அம்மா பூசியிருக்கிறாள், இவள் தலையை நகர்த்தவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அவளுக்கு அது எவ்வளவு பெரிய நாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள்.

ஜெர்மனியில் அங்கங்கே இருக்கிற தமிழ் நர்சுகள் ஏழு பேர் ஞாயிறு சாயங்காலம் போனில் வீடியோ போட்டுக் கூடி ஜெபிப்போம். அவள் திரும்பி வந்த அந்த வாரம், ஜெபிக்க அவள் முறை வந்தது. பக்கத்து அறையில்தான் இருந்தாள், ஆனாலும் போனில்தான் கூட்டம். நான் எல்லாரும் கேட்கச் சொன்னேன்: “பேச்சி இன்னிக்கு ஜெபம் பண்ண வேண்டாம். நெத்தியில பூசினத மொதல்ல அழிச்சிட்டு வரட்டும். நாங்க அஞ்சு தலமொறையா விசுவாசிங்க. நேத்து வந்தவளுக்கு இதெல்லாம் எங்கிட்டுத் தெரியும்?” ஏழு கட்டத்தில் ஒரு கட்டம் அணைந்தது. மற்ற ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானே ஜெபித்து முடித்தேன், நன்றாகவே ஜெபித்தேன். அந்த மாதக் கடைசியில் அவள் ரயிலில் நாற்பது நிமிடம் தள்ளியிருக்கிற வேறொரு ஊரில் முதியோர் இல்லத்து வேலைக்கு மாறிப் போய்விட்டாள். போகும்போது அடுப்படியைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகுதான் நான் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால், அது மனம் நொந்து உட்கார்ந்தது மட்டும் இல்லை. யாராவது கேட்பார்கள் என்று உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்துவிட்டாய், யாரோடு சண்டை என்று ஒருவர் கேட்டுவிட்டால் அழுது கொட்டிவிடலாம், அவர் நடுவில் நின்று பேசி முடித்து வைப்பார் என்று ஒரு நினைப்பு. இங்கே திருவிருந்துக்குப் பீடத்தைச் சுற்றி வட்டமாக நிற்பார்கள், கடைசியில் கையைக் கோர்த்துக்கொள்வார்கள். பதிமூன்று பேர் கை கோர்த்து நிற்க நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். முதல் மாதம் ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாம் மாதம், மூன்றாம் மாதமும் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள், அதுவும் மரியாதையாக.

நாலாவது மாதம் ஃபாரரின், அதாவது பெண் போதகர், ஆராதனை முடிந்து என்னிடம் வந்தார். கேட்கத்தான் வருகிறார் என்று கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் என் தோளருகே குனிந்து மெதுவான குரலில், “உங்களுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாதா? எங்களிடம் குளூட்டன் இல்லாத அப்பம் தனியாக இருக்கிறது. ஒயினுக்குப் பதில் திராட்சை ஜூஸும் உண்டு” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கோதுமை எல்லாம் ஒத்துக்கொள்ளும், ஒரு தோழியோடு பேச்சு இல்லை, அதனால்தான் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. “மன்னியுங்கள். அது உங்கள் சொந்த விஷயம், நான் கேட்டிருக்கக் கூடாது” என்று சொல்லி என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு, காப்பி ஊற்றப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை.

இவர்களுக்கு அன்பு இல்லை என்று ஊரில் யாரும் நினைத்துவிட வேண்டாம். என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்த அதே ஃப்ராவ் கெலர், குளிர் தொடங்கின வாரம் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை பின்னி என் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போனார். கதவைத் தட்டவில்லை. நான் உள்ளேதான் இருந்தேன். தட்டியிருந்தால் ஒரு டீயாவது போட்டுக் கொடுத்திருப்பேன். தட்டாமல் போவதுதான் இவர்களுக்குப் பிரியம். எங்களுக்கோ, தட்டாமலே உள்ளே வந்து அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மூடியைத் திறந்து பார்ப்பதுதான் பிரியம். காலுறை காலுக்குச் சரியாக இருந்தது, சூடாகவும் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு வீட்டில் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தேன். பேச்சிக்கு ஏதாவது கடிதம் பழைய விலாசத்துக்கு வந்தால் புது விலாசம் எழுதி மறுபடி தபாலில் போடுவேன். கவரின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுத இடம் இருக்கும், எழுதினதில்லை.

இந்த ஐப்பசியில் லீவில் ஊருக்குப் போனேன். விதைப்பு மழை பெய்து கரிசல் குழைந்து கிடந்தது. அந்த ஞாயிறு ஐயர் வந்திருந்தார், திருவிருந்து இருந்தது. எல்லாரும் எழுந்தார்கள். எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. ஐயர் பெஞ்ச் பக்கம் பார்த்தார், பாட்டுப் பாடுகிற பிள்ளைகள் பார்த்தார்கள், ஹார்மோனியம் வாசிக்கிறவர்கூடக் கட்டையை அழுத்திக்கொண்டே பார்த்தார். அப்பா இப்போது இல்லை. ஆனால் கோயில் வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் பாக்கியம் மைனி கையைப் பிடித்துவிட்டாள். எங்கள் பெரியப்பா மகனின் மனைவி, வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

“ஏட்டி எஸ்தரு, நீ எதுக்கு உக்காந்துட்ட? வந்து நாலு நாளு ஆகல, அதுக்குள்ள யாரு கூட மல்லுக்கு நின்ன?”

“இங்க யார் கூடவும் இல்ல மைனி. அங்கன ஒரு பிள்ள கூட.”

“ஜெர்மனிலயா?”

“ஆமா.”

“எத்தன நாளாச்சு?”

“பதினோரு மாசம்.”

மைனி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “கூறு இருக்கா ஒனக்கு? அவ அங்கன இருக்கா, நீ இங்கன வந்து உக்காந்தா அவளுக்கு எப்படிட்டி தெரியும்?” என்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். பதினொரு மாதமாக நான் காத்திருந்த கேள்வி கிடைத்துவிட்டது. ஆனால் கேட்டவர்களால் சைக்கிள் மிதித்துப் போகிற தூரத்தில் பேச்சி இல்லை. ஊரில் கேட்க ஆள் இருந்தது, சண்டைக்காரி இல்லை. அங்கே சண்டைக்காரி இருந்தாள், கேட்க ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து புழக்கடையில் நின்று அழுதேன்.

மறுநாள் காலையில் பேச்சியின் அம்மா வந்தாள். நான் லீவில் வந்திருப்பது விமானம் ஏறி வருகிறவர்களின் செய்தி பரவுகிற மாதிரி விளாத்திகுளம் வரைக்கும் பரவியிருந்தது. வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டார், யார் லீவில் வந்தாலும் ஒரு பொட்டலத்தோடு வந்துவிடுவார்கள், அது எல்லா ஊரிலும் உண்டு. இரண்டு பஸ் மாறி வந்தவள், செருப்பில் அப்பியிருந்த கரிசலைப் படிக்கல்லில் சுரண்டிவிட்டு, ஒரு துணிப்பையை என் முன்னால் வைத்தாள். முண்டு வத்தல், கருப்பட்டி, மோர் மிளகாய், அவள் கையால் இடித்த கம்பு மாவு.

“கனமா இருந்தா கருப்பட்டிய எடுத்துரு தாயி. வத்தல எடுத்துராத. அவளுக்கு அங்கன ஒறப்பே பத்தலங்கா.”

“கொண்டு போறேம்மா” என்றேன்.

“நீ பக்கத்துல இருக்கப் போயிதான் நா நிம்மதியா ஒறங்குதேன். எப்ப போன் போட்டாலும் ஒன் பேச்சுத்தான். அக்கா அது செஞ்சா, அக்கா இது செஞ்சான்னு. ரெண்டு மாசத்துக்கு முந்தி அவளுக்குக் காச்சல்ல, நீதானே கஞ்சி வச்சுக் குடுத்து, கால அமுக்கிவிட்டு, கீழ பாயப் போட்டுப் படுத்துக்கிட்டியாம்?”

அவள் எனக்குச் செய்ததை எல்லாம் நான் அவளுக்குச் செய்ததாக ஆக்கி அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது, அது மட்டும் உண்மையாக இருக்க வேண்டும். யார் கஞ்சி வைத்தார்களோ, வைத்தார்களோ இல்லையோ.

அந்த அம்மா சொல்லிக்கொண்டே போனாள். “இவ ஞானஸ்நானம் எடுக்கப் போறேன்னு நின்னப்ப எம்மவன் சொன்னான். போயி அவிய கூடச் சேருதியே, அவிய ஒன்னத் தன் ஆளா நெனப்பாவளா, நாளைக்கு ஒண்ணுன்னா எவ வந்து நிப்பான்னு கேட்டான். இப்ப அவன் வாயத் தொறக்க மாட்டான். ஒரு நாளு அவனே எங்கிட்டச் சொல்லுதான், ‘அந்த எஸ்தரக்கா கூடப் பொறந்தவள விட மேலா இருக்காம்மா, அவிய கும்பிடுத சாமி நெசமாத்தான் இருக்கணும்’னு.” சொல்லிவிட்டு என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்துக்கொண்டாள்.

எங்கள் வேதம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுகிறது. சக விசுவாசியை நேசிக்கிறாயா, அதுதான் நீ விசுவாசி என்பதற்கு அடையாளம். கண் முன்னால் இருக்கிறவளை நேசிக்காதவள், காணாத கடவுளை நேசிக்கிறேன் என்று சொல்வது பொய். அப்பா பிரசங்கத்தில் இதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கேட்ட நான் நெற்றியைப் பார்த்து அடையாளம் தேடினேன். என் விசுவாசம் எனக்கு வீட்டோடு வந்தது, தாத்தா பெயரைப் போல. பேச்சியோ அதை வீட்டைக் கொடுத்து வாங்கியிருக்கிறாள். இந்த அம்மா என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருக்கையில், இல்லையம்மா, நான் உன் மகளை ஐந்து பேர் முன்னால் அவமானப்படுத்தி வீட்டை விட்டு விரட்டினவள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மகள் கட்டிவைத்திருந்ததை நான் உடைக்க முடியாது. வெட்கமாக இருந்தது. அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். என் துணிகளில் பாதியைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, கருப்பட்டி உள்பட எல்லாவற்றையும் அடுக்கினேன்.

திரும்பி வந்த அடுத்த ஞாயிறு நான் சர்ச்சுக்குப் போகவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். நாற்பது நிமிடமும் என்ன பேசுவது என்று யோசித்தேன், ஒன்றும் அமையவில்லை. பக்கத்து இருக்கைகள் எல்லாம் காலி. பை திறந்திருந்ததோ என்னவோ, பெட்டி முழுக்க வத்தல் நெடி அடித்து முன்னால் இருந்த ஒருவர் இரண்டு தடவை தும்மினார்.

நாலு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. மணியை அழுத்தினேன். கதவைத் திறந்த பேச்சி மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், அவள் அம்மா தைத்த பை அது.

“அம்மாகிட்டச் சொல்லிட்டியாக்கா?” என்றாள். அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“இல்லட்டி.”

அவள் மூச்சு விட்டதைப் பார்த்தேன். கதவை விட்டு விலகி நின்றாள். நான் உள்ளே போய்ப் பையை இறக்கினேன். வாசலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சொல்லவே மாட்டேன் என்று தோன்றியது.

“நான் அன்னிக்குப் பேசினது பாவம், பேச்சி. வாய் தவறி வரல. மனசுல இருந்துதான் வந்துச்சு. ஒன்ன எங்க ஆளா நா நெனைக்கவே இல்ல, அதான் அப்படி வந்துச்சு. என்ன மன்னிச்சிரு.”

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எனக்குத் தெரியும்க்கா” என்றாள். “ஒனக்காக நா மறைக்கல. நீ என்ன விட்டுட்டன்னு தெரிஞ்சா எங்கண்ணன் சொன்னதுதான் சரின்னு ஆயிரும். அவன் இப்பத்தான் ஏசப்பா பேரக் காதுல வாங்குதான். அத நா எப்படிக் கெடுப்பேன்? அதான் ஒன்னய நல்லவளாக்கி வச்சேன்” என்றாள். கோபத்தோடுதான் சொன்னாள். “ஒவ்வொரு போனுக்கும் ஒண்ணு ஒண்ணா யோசிச்சுச் சொல்லணும். காச்சல்ல கெடக்கும்போது கூட யோசிச்சேன்.”

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை, அதற்கு நான் லாயக்கும் இல்லை. அப்போது அவள் போன் அடித்தது, அம்மா. அங்கே சாயங்காலம் நாலு மணி இருக்கும், ஆட்டை மடக்குகிற நேரம். பை வந்து சேர்ந்ததா என்று கேட்கத்தான். பேச்சி ஒரு கணம் என்னைப் பார்த்தாள், பிறகு வீடியோவைத் திறந்தாள்.

“எங்க, அக்காவக் காட்டு” என்றாள் அம்மா.

இரண்டு பேர் முகமும் தெரிய வேண்டும் என்றால் ஒட்டி உட்கார வேண்டும். பேச்சி கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவள் தோள் என் தோளில் இடித்தது. திரை முழுக்கக் கரிசல் காடு, மழை வெறித்த வானம், ஆடுகள், நடுவில் அந்த அம்மாவின் முகம். மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டு. அவ்வளவு பெரிய காட்டில் எங்களுக்கு இருந்த இடம் அந்தக் கட்டம்தான்.

“ரெண்டு பேரும் சாப்பிட்டியளா?” என்றாள் அம்மா.

“சாப்பிட்டோம்மா. இப்பத்தான்” என்றாள் பேச்சி, கண்ணை இமைக்காமல்.

பேச்சி போனை வைத்தாள். பிறகு அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு டம்ளர் அரிசி பாத்திரத்தில் விழுந்தது. நின்றது. நான் கட்டிலின் விளிம்பில் காது கொடுத்து உட்கார்ந்திருந்தேன். இன்னொரு டம்ளர் விழுந்தது.

“இந்த ஒண்ணையாவது உண்மையாக்குவோம்க்கா” என்று உள்ளே இருந்து சொன்னாள்.